மரகதத்தின் துப்பாக்கி

ஜூன் 8, ஞாயிறு

இந்த நோட்டு துப்பாக்கிக்காக. எனக்காக அல்ல. நண்பன் ரபீக் சொன்னான்: "துரையண்ணா, ஏர் கன்ல எதத் தொட்டாலும் தேதி போட்டு எழுதி வைங்க. இல்லீன்னா எதத் தொட்டு எது கெட்டுச்சுன்னே தெரியாமப் போயிரும்." ஜெராக்ஸ் கடைக்காரன் வீட்டில் நோட்டுக்கா பஞ்சம்? ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் ஏர் கன் குழுவில் ஒவ்வொருவனும் வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கி, அதைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றி வைத்திருக்கிறான். எங்களுடையது டவுன் ஹால் பக்கம் கிடைத்ததிலேயே மலிவான ஏர் கன். குழலை மடக்கி, ஓர் ஈயக் குண்டு வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். லைசென்ஸ் வேண்டாம், வெடி மருந்து கிடையாது, உள்ளே ஒரு ஸ்பிரிங்தான். வாங்கியபோது டிரிகர் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருந்தது. நான் நான்கு வருடமாகத் தேய்த்து, மாற்றி, எண்ணெய் போட்டு, அதை ஒரு துப்பாக்கியாக்கி வைத்திருக்கிறேன். மலிவுச் சாமானை நல்ல சாமானாக்குவதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. மரகதம் அப்படித்தான் சொல்லுவாள்.

துப்பாக்கி அவளுடையது. நான் மெக்கானிக் மட்டும். கல்யாணமான புதிதில் கோனியம்மன் தேருக்குப் போனபோது பலூன் கடையில் ஒரு வரிசையைச் சுத்தமாக உடைத்துவிட்டாள். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அந்தத் துப்பாக்கி எடது பக்கம் இழுக்குதுங் மாமா. நான் வலது பக்கமாத் தள்ளி வெச்சேன். அவ்வளவுதான்" என்றாள். நான் அதே துப்பாக்கியால் கடைக்காரரின் லைட்டை உடைக்கப் பார்த்தேன். மகள் சிந்துஜா பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனதால் மரகதத்துக்கு இதை வாங்கிக் கொடுத்தேன். ஞாயிறு இட்லி முடிந்ததும் மொட்டைமாடி. படிக்கட்டு அறைச் சுவரில் பழைய மெத்தை, அதன் முன் நூலில் ஒரு நெய் டப்பா மூடி. பட்டால் டிங் என்று கேட்கும். தவறினால் மெத்தையில் தொப்.

பொங்கல் கழிந்த ஞாயிறு குழுவின் போட்டி. பத்துக் குண்டு. இரண்டு வருடமாகக் கோப்பை மரகதத்துக்கு. மூன்றாவது தடவையும் ஜெயித்தால் அது எங்களுக்கே சொந்தம். கோப்பை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மரக்கட்டையில் ரபீக் திருகி வைத்த எவர்சில்வர் டம்ளர்தான். ஆனால் அவள் அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

இன்று பத்தில் ஐந்துதான் டிங். துப்பாக்கியில் ஏதோ கோளாறு. பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 15

குறி பார்க்கிற பின்குறியை மாற்றினேன். பழையதில் லேசான ஆட்டம் இருந்த மாதிரி பட்டது. மரகதம்: ஆறு.

ஜூன் 29

ஸ்பிரிங்கை மாற்றினேன். நான்கு. புது ஸ்பிரிங் முரடு போலிருக்கிறது.

காலையில் காபி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். இந்த வாரத்தில் இரண்டாவது. பாத்திரம் கழுவும் புது சோப்பு வழுக்குகிறது. பழைய சோப்பே வாங்க வேண்டும்.

ஜூலை 13

குழலையே மாற்றிவிட்டேன். ரபீக்கிடம் உபரியாக ஒன்று இருந்தது. அதோடு டிரிகரையும் கொஞ்சம் இளக்கினேன்.

"ஏனுங் மாமா, நீங்க ஒண்ண மாத்துனீங்கன்னா, நான் அதப் பழகறதுக்குள்ள இன்னொண்ண மாத்துறீங்க. கொஞ்சம் சும்மா விடுங்களே" என்றாள்.

"குண்டு கண்ட பக்கம் போகுதே அம்மணி. சும்மா விட்டா எப்படி?"

அவள் சேலை மாற்றக் கீழே போனாள். கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. சேலைக்குப் பின் குத்தத் தெரியாதவனைக் கூப்பிட்டு பின் குத்தச் சொன்னாள். எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு தடவை அவள் தோளிலும் குத்திவிட்டேன்.

இன்று மூன்று.

ஜூலை 27

ரபீக் வந்தான். அவனுக்கு உக்கடத்தில் சைக்கிள் கடை. ஸ்பிரிங், வாஷர் எது வேண்டுமானாலும் எங்கள் குழுவுக்கு அவன்தான். "குடுங்க, நான் பாக்கறேன்" என்று வாங்கி நின்ற வாக்கில் சுட்டான்.

பத்துக்குப் பத்து.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவன் என்னைப் பார்க்கவில்லை. மரகதம் காபி கொண்டுவரக் கீழே போனதும் மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, அண்ணியோட கைய ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் வேலையைப் பார் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டேன். பாவம், காபி குடிக்காமலே போனான்.

ஜூலை 28

கோளாறு துப்பாக்கியில் இருந்தால் குண்டு எப்போதும் ஒரே பக்கம் போகும். ஒரே பக்கம் போகிற துப்பாக்கியை மரகதத்தால் ஜெயிக்க முடியும். தேர்த் திருவிழாவில் முதல் நாளே காட்டிவிட்டாள். கண்ட பக்கம் போனால் அது துப்பாக்கி அல்ல. இது எனக்குத் தெரியாத விஷயமா?

ஆகஸ்ட் 9

அவிநாசி ரோட்டில் பெரிய ஆஸ்பத்திரி. கையில் கம்பி வைத்து ஏதோ பரிசோதனை. மரகதம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைக்கு டோனர் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 23

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். நரம்பு சம்பந்தப்பட்டது. கை, பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு மூச்சு. அந்தப் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று கேட்டேன். "இல்லைங்க, இதுக்கு ஒண்ணும் பெரிசா இல்லை. முன்னாடி வந்திருந்தாலும் இதேதான்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு ஆறவில்லை.

மரகதம் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தை மாசம் வரைக்கும் என்னால சுட முடியுமுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். தோசையா என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். லிப்டில் இறங்கும்போது அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடியில் பலமே இல்லை.

செப்டம்பர் 7

ஸ்பிரிங்கை இளகினதாக மாற்றினேன். குழலை மடக்க அவளுக்கு இப்போது இரண்டு கையும் வேண்டும். துப்பாக்கிக் கட்டையின் பின்பக்கத்தைச் சீவி எடையைக் குறைத்தேன். நல்ல தேக்கு மாதிரி மெருகேற்றி வைத்திருந்த கட்டை அது. சீவும்போது ஒன்றும் தோன்றவில்லை.

குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டேன். உடனே கிண்டல். "எல்லாரும் பவர் ஏத்தறாங்க, துரையண்ணன் எறக்கறாரு!" "கொசு அடிக்கவா அண்ணா?" ரபீக் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவனுக்குப் போன் செய்து அன்றைக்குப் பேசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். சாயந்தரமே வீட்டுக்கு வந்து மூன்று வகை இளகின ஸ்பிரிங் கொடுத்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 28

துணி தேய்க்கும் மேசை மாடிக்குப் போய்விட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியை அதன் மேல் தாங்கிச் சுடுகிறாள். குழலை மடக்கிக் குண்டு வைத்துக் கொடுப்பது நான். ஐந்து டிங்.

சட்டையெல்லாம் கசங்கியே போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறேன். ஒரு காலேஜ் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அக்டோபர் 20, தீபாவளி

சிந்துஜா வந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தலை சீவிவிட்டாள். பிறகு சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர் வீணாகிறது என்று நான் அதட்டினேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 9

டிரிகர் இப்போது தொட்டாலே போதும். ஸ்பிரிங்கும் ரபீக் கொடுத்ததிலேயே இளகினது. அதனால் குண்டு போய்ச் சேர்வதற்குள் தாழ்ந்துவிடுகிறது. பின்குறியைக் கடைசிவரை ஏற்றியாயிற்று. அதற்கு மேல் ஏறாது. இருந்தும் எல்லாம் மூடிக்குக் கீழே தொப், தொப். அடியில் ஒரு தகடு வைத்துக் குறியை உயர்த்தலாம் என்று அளவெடுக்க ஆரம்பித்தேன்.

"மாமா."

"சொல்லு."

"இனித் துப்பாக்கியத் தொடாதீங்க."

பேச்சு இப்போது கொஞ்சம் குழறுகிறது. அதனால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"கீழ போவுதுன்னா கீழயே போவட்டும். ஒரே மாதிரிக் கீழ போனா நான் பாத்துக்குவேன். நீங்க ஒண்ண மாத்துனீங்கன்னா நான் மொதல்ல இருந்து பழகோணும். எனக்கு ஏது நாளு?"

அளவுகோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஐந்து மாதம் அவளுடைய கைக்கு மிச்சமிருந்த பழக்கத்தையெல்லாம் நானேதான் புதுசு புதுசாக மாற்றி மாற்றிக் கெடுத்திருக்கிறேன். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நவம்பர் 16

துப்பாக்கியைத் தொடவில்லை.

மாடியில் துணி காயப்போடுவதும் இப்போது என் வேலை. கொடிக்கம்பியில் ஒரு சிவப்பு கிளிப் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து என் வேட்டிக்குப் போட்டேன். அதற்கு அப்படி ஒரு கோபம். "அந்தக் கிளிப்ப ஏன் எடுத்தீங்க?" இன்று ஒன்றுகூட டிங் இல்லை. அந்த எரிச்சலை என் மேல் காட்டுகிறாள் என்று விட்டுவிட்டேன். கிளிப்பைத் திரும்பக் கம்பியிலேயே மாட்டினேன். முப்பது வருடமாக இந்த வீட்டில் கத்தரிக்கோல்கூட அவள் வைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

நவம்பர் 23

இன்று நன்றாகத் திட்டிவிட்டேன். தண்ணீர் வேண்டும் என்றாள். கீழே போய் எடுத்து வருவதற்குள் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரோரம் வரை போய், கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் நடுங்குகிறது. விழுந்திருந்தால்? "உனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

நாற்காலியில் உட்கார வைத்ததும் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை. தண்ணீரைக் குடிக்கவேயில்லை.

டிசம்பர் 14

மூன்று. ஆறு. இன்று ஏழு.

எப்படி அடிக்கிறாள் என்றே புரியவில்லை. இதே துப்பாக்கியில் நான் சுட்டால் மெத்தையின் அடிப்பாகத்தில் போய் விழுகிறது. எங்கே குறி வைக்கிறாய் என்று கேட்டேன். "உங்களுக்குச் சொன்னா நீங்க அதையும் மாத்திருவீங்க" என்றாள்.

சாதத்தைக் குழைத்துக் கொடுக்கிறேன். முருங்கைக்காய் வேண்டுமாம். சதையை வழித்துக் கொடுத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

போட்டி. வழக்கமாகப் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் நடக்கும். இந்தத் தடவை எல்லோரும் எங்கள் மாடிக்கே வந்துவிட்டார்கள். எட்டுப் பேர், ஆளுக்கொரு நீளப் பையுடன் படியேறினார்கள். கீழ் வீட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

கிண்டல் செய்த பயல்கள் எல்லோரும் அவளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். ஒருவன், "அண்ணிக்கு மூடியக் கொஞ்சம் கிட்ட வெச்சுக்கலாமே" என்றான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மூடி அங்கேயே தொங்கியது. அவளுடைய பழைய துப்பாக்கியில் மற்றவர்கள் யாரும் சுடவில்லை. அவரவர் துப்பாக்கி.

வெகுநேரம் உட்கார வேண்டுமே என்று நாற்காலியில் புது குஷன் போட்டிருந்தேன். நேற்றே காந்திபுரம் போய் வாங்கி வைத்தது. நல்ல தடிமன்.

முதல் குண்டு மூடிக்குக் கீழே. இரண்டாவதும். மூன்றாவதும். அவள் என்னைக் கண்ணால் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். குஷனை எடுக்கச் சொல்கிறாள். உறுத்துகிறது போலிருக்கிறது என்று நானும் ரபீக்கும் அவளைத் தூக்கிப் பிடித்து எடுத்தோம்.

அதற்குப் பிறகு ஏழு குண்டு. ஏழும் டிங். மெல்லிய டிங்தான், அந்த ஸ்பிரிங்குக்கு அவ்வளவுதான் பலம்.

மற்றவர்கள் யாரும் ஆறைத் தாண்டவில்லை. கடைசியாக ரபீக். அவன் முதல் குண்டைச் சுவரோரம் எங்கேயோ விட்டான். இரண்டாவதையும் அப்படியே. மரகதம் மேசையைத் தட்டினாள். எல்லோரும் திரும்பினோம். "ரபீக்கு" என்றாள். சிரமப்பட்டு, எல்லோருக்கும் புரியும்படி சொன்னாள்: "ஒழுங்கா சுடு."

அவன் முகம் கோணிப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி எட்டையும் ஒழுங்காகச் சுட்டான். எட்டும் டிங்.

ஒன்றில் போயிற்று. டம்ளர் கோப்பையை அவள் மடியில் வைத்து, அவளே கொடுக்கிற மாதிரி ரபீக்கிடம் கொடுத்தோம். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. முதல் மூன்றில் ஒன்று பட்டிருந்தாலும் சமம், இரண்டு பட்டிருந்தால் கோப்பை வீட்டிலேயே இருந்திருக்கும். இரவு அதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் என் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, "போவுது விடுங்க" என்றாள்.

பிப்ரவரி 15

மாடிப் படி இனி முடியாது. துப்பாக்கியைத் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் கண்ணில் படும்படி சாய்த்து வைத்திருக்கிறேன். குண்டு இல்லாமல்தான்.

மார்ச் 22

பேச்சு நின்றுவிட்டது. கண்ணால் பேசுகிறாள். பாதி எனக்குப் புரிவதில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுகிறாள்.

ஏப்ரல் 11

மரகதம் போய்விட்டாள். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. விடிந்து கொஞ்ச நேரம். சிந்துஜா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஏப்ரல் 27

கடையைத் திறந்தேன். மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. அரை நாள் அதிலேயே போயிற்று. நல்லதுதான்.

மே 10

ரபீக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தான். "இது அண்ணிது" என்றான். வேண்டாம் என்றேன். அவள் ஒழுங்காகச் சுடச் சொல்லித் தோற்றாள். அதை இப்போது நான் வாங்கி வைத்துக்கொண்டால் அவளுக்குப் பிடிக்காது. அவன் விடாமல், "சரி, துப்பாக்கியில பழைய ஸ்பிரிங்கயாச்சும் போட்டுருலாம். இப்படியே வெச்சு என்னண்ணா பண்ணப் போறீங்க?" என்றான்.

போட மாட்டேன் என்றேன். தொடாதீங்க என்று அவள் சொன்னதற்குப் பிறகு தொடவில்லை. இனியும் தொடுவதாக இல்லை.

மே 24

அவள் சுட்ட மாதிரியே சுட்டுப் பார்க்கலாம் என்று மாடிக்குப் போனேன். நின்றுகொண்டு மூடிக்கு மேலே, இன்னும் மேலே என்று குறி வைத்துப் பார்த்தேன். ஒன்று தாண்டிப் போகிறது, ஒன்று எட்டுவதில்லை. குண்டுப் பெட்டி பாதி காலி. ஒரு டிங் இல்லை. எங்கே குறி வைத்தாள் என்று அப்போதே வற்புறுத்திக் கேட்டிருக்க வேண்டும். இனி யாரைக் கேட்பது?

ஜூன் 7, ஞாயிறு

நேற்று நல்ல மழை. சிந்துஜா வந்திருக்கிறாள். மாடியைச் சுத்தம் செய்யலாம் என்றாள். அவள் கீழே துடைப்பம் எடுக்கப் போனாள். நான் கொடிக்கம்பியில் இருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டேன். அந்தச் சிவப்பு கிளிப் மட்டும் வரவில்லை. இழுத்தாலும் வரவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நூல் போட்டுக் கம்பியோடு கட்டியிருக்கிறது. மூடி தொங்குகிற அதே வெள்ளை நூல். முடிச்சு என்று சொல்ல முடியாது. மேலும் கீழுமாகச் சுற்றி, விட்டு, மறுபடி சுற்றி, எங்கெங்கோ இழுத்து, கடைசியில் பல்லால் கடித்து இறுக்கியது மாதிரி இருந்தது. ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாத கை கட்டிய கட்டு. நான் தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்த அந்த நேரத்தில் கட்டியிருக்கிறாள். அதற்குத்தான் எழுந்து நின்றிருக்கிறாள். அதற்குத்தான் நான் கத்தினேன்.

துப்பாக்கியைக் கொண்டுவந்தேன். துணி தேய்க்கும் மேசை இன்னும் மாடியில்தான் இருக்கிறது, படிக்கட்டு அறைக்குள். அதை அவள் இடத்தில் போட்டேன். அவளுடைய நாற்காலி. அதில் ஒருநாளும் நான் உட்கார்ந்ததில்லை. உடம்பை ஒடுக்கி அவள் உயரத்துக்குக் குனிந்து கண்ணை வைத்தேன். மூடிக்கு நேர் மேலே, ஒரு சாண் தள்ளி, சிவப்பு கிளிப்.

கம்பி மூடிக்கு வெகு முன்னால் இருப்பதால், உயரம் கொஞ்சம் கூடினாலும் கிளிப் மூடியை நோக்கித் தாழ்ந்துவிடுகிறது. எழுந்து பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் அந்த குஷன் நினைவுக்கு வந்தது. நான் காந்திபுரம் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்த குஷன். முதல் மூன்று குண்டும் அதனால்தான் கீழே போயின. அன்று இரவு நான் புலம்பியபோது அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் என் கையின் மேல் கை வைத்து, போகிறது விடுங்கள் என்றாள்.

கொஞ்ச நேரம் அழுதேன். சிந்துஜா படியேறி வந்தவள் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கிப் போனாள்.

குழலை மடக்கி ஒரு குண்டு வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். கிளிப்பைக் குறி வைத்து, டிரிகரைத் தொட்டேன். தொட்டதுதான்.

டிங்.

அதே மெல்லிய சத்தம். துப்பாக்கியை மேசை மேல் வைத்துவிட்டு, "அம்மணி, பட்டுருச்சு!" என்று கத்திக்கொண்டே பாதிப் படி இறங்கிவிட்டேன்.